புள்ளைய யாரு பாத்துக்கறது?

"வேலைக்கு வர்றேன், புள்ளைய யாரு பாத்துக்கறது?" வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டத்துச் சேரியில் இதே கேள்வி. அந்தப் பக்கம் பாலக்காட்டுக் காலனியிலும் இதே கேள்விதான். மாநிலம் மாறுகிறது, கேள்வி மாறவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தமிழகத்தில் செலவு அதிகமா, கேரளத்திலா என்று நடுத்தர வர்க்கம் கணக்குப் போடுகிறது. காப்பகக் கட்டணம், ஆயா சம்பளம், வேன் வாடகை என்று அந்தப் பட்டியல் நீளும். நம்ம பொம்பளைங்க கணக்கில் இந்த வரிகளே கிடையாது. அவர்கள் கட்டணம் கட்டுவதில்லை, கூலியை இழக்கிறார்கள். இல்லையென்றால் பத்து வயசு மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்தை இழக்கிறாள். ரசீது இல்லை என்பதால் இது செலவே இல்லை என்றாகிவிடுமா?

இந்த உழைப்புக்கு அரசே ஒருமுறை விலை எழுதியது. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம், இங்கே நூறு நாள் வேலை, அங்கே தொழிலுறப்பு. வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வைக்க வேண்டும். அவருக்கும் அன்றைய கூலி உண்டு என்றது அதன் அட்டவணை. அந்தக் கூலி 2025-26-ல் தமிழகத்தில் 336 ரூபாய், கேரளத்தில் 369 ரூபாய். எல்லையைத் தாண்டினால் 33 ரூபாய் வித்தியாசம். ஆனால் புள்ளை பார்ப்பதும் மண் வெட்டுவதும் சமம் என்று இரண்டு இடத்திலும் சட்டம் ஒப்புக்கொண்டது. அந்த வேலையை மிகவும் ஒடுக்கப்பட்ட பெண்களுக்கும், மலம் அள்ளுவதிலிருந்து மீண்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்துத் தரவேண்டும் என்றும் பின்னர் எழுதிச் சேர்த்தார்கள்.

எத்தனை இடத்தில் அது நடந்தது? வேப்பமரத்துல தொங்குன சேலைத் தூளிதான் நாம பாத்த காப்பகம்.

ஏன் நடக்கவில்லை? பணமில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பதில் சாதி. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். முற்போக்குக் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில், சாம்பவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதற்காகவே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் பிறர் தம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவள் கைச் சோறே ஆகாதவர்கள், அவள் மடியில் தம் குழந்தையைக் கொடுப்பார்களா?

அங்கன்வாடிதான் இருக்கிறதே, காசில்லையே என்பார்கள். இருக்கிறது. தமிழகத்தில் முட்டை உண்டு. கேரளம் 2022-ல் பாலும் முட்டையும் சேர்த்தது, 2025-ல் முட்டை பிரியாணியும் சேர்த்தது. வரவேற்கிறோம். ஆனால் கைக்குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் கிடைக்கும். தூக்கி வைத்துக்கொள்ளப் பெரும்பாலான மையங்களில் ஆள் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குள் மையத்தைப் பூட்டிவிடுவார்கள். கூலிக்காரிக்கு நாலு மணிக்கா வேலை முடியுது?

மலைமேல் பாருங்கள். வால்பாறையிலும் மூணாறிலும் தேயிலை கிள்ளுவோரில் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாக நம் சனங்கள். 50 பெண்கள் வேலை செய்தால், அல்லது அவர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தால், முதலாளி காப்பகம் நடத்த வேண்டும் என்றது 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஒப்பந்தக் கூலிப் பெண்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தது. சட்டம் முதலாளியின் தலையில் வைத்த செலவு அது. தேயிலைத் தோட்டத்துக்கு முடிந்தது, செங்கல் சூளைக்கு ஏன் முடியாது?

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். தாய்மை வீட்டு விவகாரம் அல்ல, நாட்டு விவகாரம் என்பதே அதன் பொருள். பெற்றெடுப்பதற்குச் சொன்னது வளர்ப்பதற்கும் பொருந்தும்.

தோழர்களே, வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. பேர் எதுவானாலும் அந்த ஒரு வரியை நாம் விடக்கூடாது. கிராமசபையில் எழுந்து கேளுங்கள்: புள்ளை பார்க்கிறவர் யார்? அவருக்குக் கூலி எங்கே? அந்த வேலை நம் பெண்களுக்கு ஏன் இல்லை? 2015-ல் மூணாறு பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 232 ரூபாய்க் கூலி 301 ஆனது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

அக்கா இடுப்பில் தம்பி இருக்கும்வரை அவள் கையில் புத்தகம் ஏறாது. முதலில் அந்த இடுப்பை விடுவிப்போம்.