போனைக் கீழே வையுங்கள், பெற்றோரே

அடுத்த மாதம் நம் பிள்ளைகள் சிங்கப்பூர் போகிறார்கள். விசா வந்துவிட்டது, பணமும் கட்டியாயிற்று. போன முறை மூத்த வகுப்புப் பிள்ளைகள் போய்வந்தபோது பெற்றோர் நடந்துகொண்ட விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். அது மறுபடியும் நடக்கக் கூடாது. உங்களுக்குக் கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரவு 10 மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "டீச்சர், என் பையன் ஒழுங்கா சாப்பிட்டானா?" என்று கூப்பிடுகிறோம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. அறை அறையாகக் கதவைத் தட்டி, பிள்ளைகள் படுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, அந்த அம்மா அப்போதுதான் தலை சாய்த்திருப்பார். ஒருவர் கூப்பிட்டால் பரவாயில்லை. நாற்பது வீட்டிலிருந்தும் கூப்பிட்டால்? வாட்ஸ்அப் குழுவிலோ, "போட்டோவில் என் மகளைக் காணோமே" என்ற புலம்பல் விடியும் வரை ஓயவில்லை.

பகலில் கூப்பிட்டாலும், அந்தப் போன் எந்த நேரத்தில் அடிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. நகரும் படிகளில் ஏறி இறங்கி நெடுந்தூரம் நடந்துதான் தடம் மாற முடியும். ரயில் கதவு யாருக்காகவும் காத்திருக்காது. எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றி, தலையை எண்ணி, கடைசியாக ஏறுகிறவர் ஆசிரியர். அந்தக் கணத்தில் நம் அழைப்பு வந்து எண்ணிக்கை தவறினால், நடைமேடையில் தனியாக நிற்கப்போவது நம்மில் ஒருவர் பிள்ளைதான்.

பாதுகாப்பு மட்டுமா கெடுகிறது? பாடமும் கெடுகிறது. மரினா தடுப்பணையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் வாயிலில் 350 மீட்டர் அகலத்துக்கு, ஒன்பது எஃகு மதகுகளோடு 2008இல் திறந்தார்கள். கடல்நீரை வெளியே நிறுத்தி, மழைநீரை உள்ளே தேக்கி, நகரத்தின் நடுவிலேயே ஒரு நன்னீர் ஏரியை உண்டாக்கிவிட்டார்கள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது. 1962இல் போட்ட ஒப்பந்தப்படி இன்றும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் நாடு அது. 2061இல் அந்த ஒப்பந்தம் முடிகிறது. அதை மனதில் வைத்துத்தான் கழிவுநீரையும் விடாமல் சுத்திகரித்து, 2003 முதல் நியூவாட்டர் என்று மறுபடி பயன்படுத்துகிறார்கள். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறென்ன இருக்கிறது? போன முறை புவியியல் ஆசிரியர் இதற்காகவே படம் வரைந்து கையோடு எடுத்துப் போயிருந்தார். தடுப்பணை மேல் நின்று அவர் பேசத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள், "மதியம் தயிர்சாதம் கிடைத்ததா?" என்று குழுவில் கேள்விக்கு மேல் கேள்வி. பதில் போடாவிட்டால் பள்ளி அலுவலகத்துக்குப் போன். அவர் படத்தை மடித்து வைத்துவிட்டுப் பதில் போட்டார். நாம் கட்டிய பணம் அந்தப் பாடத்துக்காகத்தானே?

அடுத்தது கடைச் சாமான். முஸ்தபா கடையில் சென்ட், தைலம், சித்திக்கு ஒரு சங்கிலி என்று ஆசிரியரிடம் பட்டியல் அனுப்புகிறவர்களே, நகைக்கான சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். சில நாள் சுற்றுலா போனவருக்குக் கிடையாது. விமான நிலையத்தில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்டால், நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்? பிள்ளையின் பெட்டியையும் ஒரு முறை நீங்களே பிரித்துப் பாருங்கள். சூயிங்கம்மை அந்த நாட்டுக்குள் கொண்டுவர 1992 முதல் தடை. மின் சிகரெட் கையில் இருந்தாலே குற்றம். "என் பையனிடம் அதெல்லாம் இருக்காது" என்று பார்க்காமலே சொல்லாதீர்கள்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். பிள்ளையின் நோயை மறைத்து அனுப்புவதை மன்னிக்க முடியாது. வெளியே புழுக்கம், கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடத்துக்குள் குளிரும் பனிமூட்டமும். போன முறை அங்கே ஒரு பெண்ணுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவளுக்கு வீசிங் உண்டு என்று ஆசிரியருக்குத் தெரியாது. படிவத்தில் "ஏதுமில்லை" என்று எழுதியிருந்தார்கள். இன்ஹேலரோ ஹோட்டலில், பெட்டிக்கு அடியில், துணிகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. "யாரிடமும் சொல்லாதே, சொன்னால் கூட்டிப் போக மாட்டார்கள்" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். மூச்சுத் திணறும்போதும் அந்தக் குழந்தை வாய் திறக்கவில்லை. கூட இருந்த தோழி சொல்லித்தான் தெரிந்தது. நல்ல வேளை, பிழைத்தாள்.

சொன்னால் பள்ளி ஒதுக்கிவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. அப்படி ஒதுக்கினால் பள்ளியோடு சண்டை போடுவோம், நான் முன்னால் நிற்கிறேன். மறைப்பது அதற்கு வழியல்ல. ஏற்கெனவே இருந்த நோயைச் சொல்லாமல் விட்டால் பயணக் காப்பீடும் கைவிட்டுவிடும். வெளிநாட்டு மருத்துவமனைச் செலவு முழுவதும் நம் தலையில். வலிப்பு, தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது, வேர்க்கடலை ஒவ்வாமை, எதுவாயினும் எழுதுங்கள். இரவில் கதவைத் திறக்கிறவர் அந்த ஆசிரியர்தான். தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை போன்ற சிலவற்றை அங்கே கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். அதனால் மருத்துவர் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

"டீச்சருக்கென்ன, ஓசியில் சிங்கப்பூர்" என்று ஒருவர் சொன்னதையும் கேட்டேன். வெட்கமாக இருந்தது. தன் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நம் பிள்ளைக்குக் காவல் இருக்கப் போகிறவரைப் பற்றியா இப்படிப் பேசுவது? ஊர் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

வெள்ளிக்கிழமைப் பெற்றோர் கூட்டத்தில் உடல்நலப் படிவம் கொடுப்பார்கள். வாங்கியவுடன் கோடு கிழித்துத் திருப்பிக் கொடுக்காமல், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளையையும் உட்கார வைத்து நிரப்புங்கள். பயண நாட்களில் பெற்றோர் தரப்பில் ஒருவர் மட்டும் ஆசிரியரோடு பேசட்டும். இரவில் ஒரு தகவல், அதை அவர் நமக்குச் சொல்வார். அந்த ஒருவர் யார் என்பதை அன்றே முடிவு செய்துவிடுவோம். அவசரம் என்றால் ஆசிரியரே நம்மைக் கூப்பிடுவார்.