மூச்சுத் திணறும் மடிக்கணினிகள்

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்து, ரூ.2,000 கோடி ஒதுக்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடர்ச்சியாகவே இதைக் காண வேண்டும். திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், வழங்கப்படும் கருவி எத்தனை ஆண்டுகள் ஒழுங்காக இயங்கும் என்ற கேள்வி உரிய கவனம் பெறவில்லை.

மடிக்கணினியைப் பெரும்பாலும் முடக்குவது வெப்பம். செயலியில் உண்டாகும் வெப்பத்தைச் செம்புக் குழாய் ஒன்று மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. சிறு விசிறி அதை வெளியேற்றுகிறது. தகடுகளின் இடைவெளியைத் தூசி அடைத்துவிட்டால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. இடைவிடாத இரைச்சல் அதற்கான முன்னெச்சரிக்கை. செயலியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கருவி தற்காப்புக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 'கணினி பழசாகிவிட்டது' என்று ஒதுக்கப்படுபவற்றில் பல, உண்மையில் தூசி அடைத்தவையே.

நான் வசிக்கும் உடுமலைப்பேட்டையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு புழுதியையும் கிளப்புகிறது. நூற்பாலைகளின் பஞ்சுத் தூசியும் தென்னைநார்க் கூடங்களின் நார்த்தூளும் அதனுடன் சேர்கின்றன. மடிக்கணினிகள் பெரும்பாலும் 35 டிகிரி வரையிலான சூழல் வெப்பத்துக்கென வடிவமைக்கப்படுபவை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், மெத்தைமேல் வைத்துப் படிக்கும் மாணவரின் கருவி அந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். மின்கலத்தின் ஆயுளும் அத்துடன் குறையும்.

பஞ்சுத் தூசியோடு வாழப் பழகிய ஊர் இது. நூற்பாலையில் இயந்திரங்களை முறைவைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் உற்பத்தி நின்றுவிடும் என்பது இங்குள்ள தொழிலாளர் அனைவருக்கும் தெரியும். அந்த ஒழுங்கே மடிக்கணினிக்கும் தேவை. கடினமான, சமமான பரப்பில் வைத்தல், காற்றுத் துளைகளை மறைக்காதிருத்தல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தூசி நீக்கல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செயலியின் மீதுள்ள வெப்பக் கடத்துப் பசையை மாற்றுதல் ஆகியவை போதும். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும், பயன்பாட்டை உடனே நிறுத்தித் தொழில்நுட்பரிடம் காட்ட வேண்டும்.

உத்தரவாதம் இருக்கிறதே எனலாம். அது பொதுவாக உற்பத்திக் குறைபாட்டையே ஏற்கும். அடைத்த தூசியை அன்று. எனவே, பராமரிப்பைத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே ஆக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் பயில்வோரைக் கொண்டு, ஆண்டுதோறும் கோடைக்கு முன் கல்லூரிகளில் துப்புரவு முகாம் நடத்தலாம். பயனாளிக்குக் கருவி காக்கப்படும். பயில்வோருக்குத் தொழில் கைவரும்.

கொள்முதலிலும் கவனம் தேவை. எளிதில் திறந்து சுத்தம் செய்யவும், விசிறியையும் மின்கலத்தையும் தனியே மாற்றவும் இயல்வதை நிபந்தனையாக்க வேண்டும். பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுநீக்கத் தகுதி மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு கேட்டால், தயாரிப்பாளர்கள் மறுக்க வாய்ப்பில்லை.

மூன்றாண்டுப் படிப்பு முடியும் முன்பே கருவி முடங்கினால், புதிது வாங்க வசதியற்ற மாணவரே முதலில் பின்தங்குவார். அந்த இழப்பைத் தடுக்க ஆகும் செலவோ, ஒதுக்கிய தொகையின் முன் மிகச் சிறிது.