லாவண்டர் சாவதற்கு மாலி காரணமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது "பால்கனியில் லாவண்டர் வளர்ப்பது எப்படி" வகைக் குறிப்புப் பதிவு மட்டும் இல்லை. குறிப்பும் உண்டு, கீழே வரும். ஆனால் சொல்ல வந்தது வேறு. நம் நாட்டுச் சமவெளியில் லாவண்டர் செத்துப்போனால் அதற்கு உங்கள் கைராசி காரணம் இல்லை, தண்ணீர் ஊற்றுகிறவரும் காரணம் இல்லை. பெரும்பாலும் விற்கும்போதே அது சாகப்போகிற செடிதான். நாமும் வருஷா வருஷம் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

நான் புனேயில் குப்பை கொட்ட ஆரம்பித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. பிழைப்பு, கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. ஒரு பாகம் உடைந்து திரும்பி வந்தால் "யார் செய்தது?" என்று கேட்கக் கூடாது, "ஏன் உடைந்தது?" என்று ஐந்து முறை கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் அரிச்சுவடி இது. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் போவதில்லை என்பது தங்கமணியின் நிரந்தரப் புகார் :-)

எங்கள் சொசைட்டியில் போன தீபாவளிக்கு நுழைவாயில் ஓரமாக 40 லாவண்டர் தொட்டிகள் வாங்கி வைத்தார்கள். ஒன்று 250 ரூபாய். டிசம்பர், ஜனவரியில் ஊதாப் பூவோடு ஜோராக இருந்தது. ஆளாளுக்கு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் பாதி போனது. ஜூலை மழையில் மீதியும் போனது. ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் எடுத்த முடிவு என்ன தெரியுமா? மாலி சரியாகப் பார்க்கவில்லை, இரண்டு மாதம் சம்பளத்தில் 500 ரூபாய் பிடிக்கலாம் என்று. மனிதர் மராத்வாடா பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறார். "தினமும் தண்ணி விடு" என்று சொன்னார்கள், விட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

சரி, எங்கள் கம்பெனி முறைப்படியே கேட்டுப் பார்ப்போம்.

செடி ஏன் செத்தது? வேர் அழுகியதால்.

வேர் ஏன் அழுகியது? மண்ணில் ஈரம் காயவே இல்லை. லாவண்டரின் வேரைத் தாக்கும் பூஞ்சை போன்ற கிருமிகளுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்து கிடைத்தால் கொண்டாட்டம்.

ஈரம் ஏன் காயவில்லை? தொட்டி பிளாஸ்டிக். உள்ளே களியாகக் கெட்டித்த மண்ணும் தேங்காய் நார்த்தூளும். நார்த்தூள் தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது.

அப்படிப்பட்ட கலவையில் ஏன் வைத்தார்கள்? எடை குறைவு, வண்டியில் ஏற்ற வசதி, கடையில் நிற்கும் சில வாரங்களுக்கு வாடாது. விற்பவருக்கு அது போதும்.

அதை நாம் ஏன் வாங்கினோம்? கேட்க வேண்டிய கேள்வி எதையும் கேட்காமல், பூவைப் பார்த்து வாங்கினோம்.

ஐந்து "ஏன்" முடிந்தது. இதில் மாலி எங்கே வருகிறார்? இன்னொரு கொடுமையும் உண்டு. வேர் அழுகிய லாவண்டர், பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் வாடியது போலவே தலை தொங்கும். பார்க்கிறவர் "ஐயோ, காய்கிறதே" என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். அக்கறை உள்ளவர் கையில்தான் அது சீக்கிரம் சாகும்.

அடிப்படை விஷயம் இதுதான். லாவண்டர் மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளின் செடி. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை காய்ந்து கிடக்கும். சுண்ணாம்புக் கல் கலந்த, சத்தில்லாத சரிவுகளில் சுகமாக வளரும். இங்கே எல்லாம் தலைகீழ். வெயிலில் வெந்து முடிந்ததும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நான்கு மாதம் புழுக்கத்தோடு மழை. வறட்சியை அது தாங்கும், புழுக்கத்தோடு சேர்ந்த ஈரத்தைத் தாங்காது.

அடுத்தது, எந்த லாவண்டர் என்கிற கேள்வி. சோப்பிலும் எண்ணெயிலும் நமக்குத் தெரிந்த அந்த வாசனை ஆங்கில லாவண்டருடையது, லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா. அதற்குக் குளிர் வேண்டும். நம் நாட்டில் அது நன்றாக வருவது ஜம்மு காஷ்மீரில். தோடா மாவட்டத்துப் பதேர்வா பக்கம் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள், சி.எஸ்.ஐ.ஆரின் அரோமா மிஷன் வழியாக நாற்று வாங்கி இதற்கு மாறினார்கள். "ஊதாப் புரட்சி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2022 மே மாதம் பதேர்வாவில் லாவண்டர் திருவிழாகூட நடந்தது. அது மலை, அங்கே குளிர்காலத்தில் பனி விழும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு புனே, சென்னை, ஹைதராபாத் பால்கனியில் அதையே எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

சமவெளிக்காரர்களுக்கு ஓரளவு ஒத்துவருவது டென்டாட்டா என்கிற வகை. இலை ஓரம் ரம்பப்பல் மாதிரி இருக்கும், தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஸ்டோகாஸ் என்று இன்னொன்று, பூக்கதிரின் உச்சியில் முயல்காது மாதிரி இரண்டு மூன்று இதழ் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையுமே "பிரெஞ்சு லாவண்டர்" என்று விற்பார்கள், ஆகவே பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள். வாசனை சோப்பு மாதிரி வராது. கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் ரோஸ்மேரி கலந்த மாதிரி வரும். அது போதும் என்பவர்கள் மட்டும் வளர்க்கலாம். தொட்டியை ஜன்னலில் வைத்தால் கொசு வராது என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டாம். சும்மா நிற்கிற செடி கொசுவை ஒன்றும் செய்யாது.

இப்போது என் முக்கியமான கருத்து. ஒரு நல்ல செடி கிடைத்துவிட்டால் இரண்டாவது செடி வாங்கவே கூடாது. வெட்டி வைத்துப் பெருக்க வேண்டும். முருங்கைப் போத்து வெட்டி நட்டு, செம்பருத்திக் குச்சி ஊன்றி, மல்லிகைக்குப் பதியன் போட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். லாவண்டர் என்றதும் மட்டும் ஏன் பர்ஸைத் திறக்கிறோம் என்று புரியவில்லை.

செய்முறை, புனே சீதோஷ்ணத்துக்கு:

1. காலம்: மழை முழுக்க விட்ட பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

2. குச்சி: பூக்காத இளங்கிளை, 8 முதல் 10 செ.மீ. நுனி பச்சையாக, அடி சற்றே கெட்டிப்பட ஆரம்பித்ததாக இருக்கட்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான பிளேடால் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிடவும்.

3. கலவை: சலித்துக் கழுவிய கரடு மணலும் பெர்லைட்டும் சரிபாதி. உரம் கூடாது. வேர்ப் பொடி இருந்தால் தொட்டு நடலாம், இல்லாவிட்டாலும் வேர் வரும்.

4. இடம்: வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். இலை எப்போதும் நனைந்திருந்தால் குச்சி அழுகும்.

5. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வராமல் நின்றால் வேர் விட்டாயிற்று. எனக்குப் பத்துக்கு ஆறு ஏழு பிடிக்கிறது.

6. பிறகு மண் தொட்டிக்கு மாற்றுங்கள். பாதி மண், பாதி மணலும் உடைத்த செங்கல் தூளும். அடியில் ஓட்டை அடைபடக் கூடாது. குறைந்தது ஆறு மணி நேரம் வெயில். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் மேற்கு வெயிலுக்கு ஒரு மறைப்பு. ஜூனில் மழை படாத, காற்று வருகிற இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

பூ முடிந்ததும் பச்சைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இலையே இல்லாத கட்டைக்குள் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில வருஷத்தில் அடி கட்டை தட்டிப்போகும். அதனால்தான் வருஷா வருஷம் நாலு குச்சி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"விதை போடலாமே, இணையத்தில் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?" என்று கேட்பீர்கள். லாவண்டர் விதை முளைப்பது மெதுவாக, ஒழுங்கில்லாமல். குளிர்ப்பெட்டியில் சில வாரம் வைத்து எடுத்தால்தான் பலதும் முளைக்கும். முளைத்தாலும் தாய்ச்செடி மாதிரி இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பிரான்ஸில் மைல் கணக்கில் ஊதாவாகத் தெரியும் வயல்களில் பெரும்பகுதி லாவண்டின் என்கிற கலப்பினம். அதற்கு முளைக்கிற விதையே கிடையாது. அத்தனையும் குச்சி வெட்டி வைத்துப் பெருக்கியதுதான். பதேர்வாவிலும் அப்படித்தான் நாற்று தயாராகிறது.

இன்னொரு கட்சி இருக்கிறது. "வெளிநாட்டுச் செடி எதற்கு? பேசாமல் துளசியும் கற்பூரவல்லியும் வையுங்கள்" என்பவர்கள். இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. மூன்றும் ஒரே குடும்பம் என்பது கூடுதல் தகவல், புதினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளிநாடு என்பதற்காக ஒரு செடியைத் தள்ளுவதாக இருந்தால் முதலில் மிளகாயைத் தள்ள வேண்டியிருக்கும். இந்த ஊர் மலைகளிலேயே காட்டு லாவண்டர் இனங்கள் உண்டு, பைபின்னேட்டா என்று ஒன்று, கிப்சோனி என்று ஒன்று. (தயவுசெய்து மலையிலிருந்து பிடுங்கி வராதீர்கள்.) எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிரச்னை இல்லை. உயிருள்ள ஒன்றைப் பூங்கொத்து மாதிரி வாங்கி, ஆறு மாதத்தில் குப்பையில் போட்டு, பழியை நம்மைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறவர் தலையில் கட்டுவது பிரச்னை.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, பிடித்த ஆயிரம் ரூபாயை மாலியிடம் திருப்பித் தர வேண்டும். இரண்டு, இந்தத் தீபாவளிக்கு 40 செடிக்குப் பத்தாயிரம் செலவழிக்காமல், டென்டாட்டா ஐந்தே செடி வாங்குவோம், 1,250 ரூபாய். குச்சி வெட்டி வைத்து, வேர் விட்டதை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்போம். அந்த வேலைக்கு மாலிக்குத் தனிக் கூலி. அவர் ஊரில் கரும்புக் கரணை நட்டவர். நான் மராத்தியில் திக்கித் திணறி விளக்கியதும், "கணுவுக்குக் கீழே வெட்டணும், அவ்வளவுதானே சாகேப்?" என்று கேட்டார். இவ்வளவு நாளும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செயலாளர் இதுவரை பதில் சொல்லவில்லை. லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறார், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை :-)

பி.கு: செடி வாங்கப் போகும்போது மூன்றே கேள்வி. எந்த வகை? எந்த மண் கலவை? போன மழைக்காலத்தை இந்த ஊரில் கழித்த தாய்ச்செடி உங்களிடம் இருக்கிறதா? மூன்றாவதற்கு "இருக்கிறது" என்று காட்டுகிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உங்கள் ஊரில் மழை தாண்டி நிற்கும் லாவண்டர் இருந்தால் எந்த வகை, எந்தத் திசை பால்கனி என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எல்லாருக்கும் உதவும்.