பெயரை மனனஞ் செய்தலும் நூலை வாசித்தலும்

வரலாற்றில் ஒருவரை மறந்துவிடுவதற்கு இரு வழிகள் உண்டு. அவரது பெயரைக் கூறாது விடுவது ஒன்று. பெயரை மாத்திரமே கூறிக்கொண்டிருப்பது மற்றொன்று. பின்னையது முன்னையதிலும் கேடானது. ஏனெனில் அது மறதியை அறிவெனக் காட்டி மயக்குகின்றது. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களிற் கணினிக் கல்வி பயிலும் மாணவரிடம், உலகின் முதற் செய்நிரலை எழுதியவர் யாரென வினவினால், அடா லவ்லேஸ் என்ற விடை பெரும்பாலும் தாமதமின்றிக் கிடைக்கும். அவர் எழுதியது யாது, எதன்பொருட்டு எழுதினார் என்று தொடர்ந்து வினவினால் மௌனமே எஞ்சும். இக்குறை மாணவருடையதன்று; விடையைக் கையளித்துவிட்டு வினாவைப் பறித்துக்கொண்ட வாசிப்பு முறையினுடையது.

செய்திகளைச் சுருக்கமாக நோக்கலாம். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் மகளாக 1815இற் பிறந்த அடா, 1833இல் சாள்ஸ் பபேஜைச் சந்தித்தார். பபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் அவரது வாழ்நாளில் முழுமையாக உருப்பெறவேயில்லை. அதுபற்றி இத்தாலியப் பொறியியலாளர் மெனாபிரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1842இல் ஜெனீவாவில் வெளிவந்தது. அதனை ஆங்கிலத்திற் பெயர்த்த அடா, ஏழு குறிப்புகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். 1843இல் அச்சேறிய அக்குறிப்புகள் மூலக் கட்டுரையிலும் ஏறத்தாழ மும்மடங்கு நீளமானவை. அவற்றின் கீழ்க் காணப்பட்டவை ஏ. ஏ. எல். என்னும் மூன்று முதலெழுத்துகள் மாத்திரமே. இறுதிக் குறிப்பில், பேர்னூலி எண்களைக் கணிப்பதற்கு இயந்திரம் செய்யவேண்டிய செயல்கள் வரிசைமுறையில் அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன.

இவர்பற்றி எழுந்த நூல்களின் வரலாறும் கவனத்திற்குரியது. 1977இல் டொரிஸ் லாங்லி மூர் எழுதிய வாழ்க்கை வரலாறு அடாவின் குடும்ப வாழ்வை விரிவாகக் கூறிற்று. 1985இல் டொரதி ஸ்ரைன், அடாவின் கணித ஆற்றல் மிகைப்படுத்தப்பட்டதென வாதிட்டார். 1992இல் பெற்றி டூல் அடாவின் கடிதங்களைத் தொகுத்து அவர் புகழை நிலைநாட்ட முயன்றார். 2018இல் ஹொலிங்ஸ், மார்ட்டின், றைஸ் ஆகிய மூவர் எழுதிய நூல் அடாவின் கணிதப் பயிற்சியை அக்கடிதங்களின் துணையுடன் மறுபடியும் ஆராய்ந்தது. ஒரு நூல் உயர்த்துகின்றது, மற்றொன்று தாழ்த்துகின்றது, பிறிதொன்று சான்றுகளை மீளப் பரிசீலிக்கின்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் படித்தவன் பக்தனாகவோ பகைவனாகவோ ஆகிவிடுகிறான். ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் படித்தவனே வாசகனாகிறான்.

“முதல்வர்” என்ற பட்டமே இங்கு பெரும் இடராகின்றது. 1843இற்கு முன்னரே பபேஜ் தமது இயந்திரத்துக்கான செயல்வரிசைகள் சிலவற்றை வகுத்திருந்தார் என்பதை அவரது கையெழுத்துப் பிரதிகள் காட்டுகின்றன. அடாவின் பெருமை முதன்மையில் மாத்திரம் தங்கியிருக்குமாயின் இவ்வொரு செய்தியே அதனைச் சாய்த்துவிடப் போதுமானது. ஆனால் அவரது குறிப்புகளைப் படித்தவர் கலங்கவேண்டியதில்லை. எண்ணைக் கையாளும் பொறி, ஒழுங்கு விதிகளுக்கு அமைந்த எப்பொருளையும், இசையைக்கூட, கையாள வல்லது என்ற சிந்தனை அங்கு தெளிவாக எழுதப்பட்டுள்ளது. பொறி தானாக எதனையும் தோற்றுவிக்க உரிமை கோரமாட்டாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. அவ்வெச்சரிக்கையை ஒரு நூற்றாண்டின் பின்னர், 1950இல், அலன் டியூரிங் பெயர் சுட்டி எடுத்து மறுக்க முற்பட்டார். நூறாண்டு கழிந்தும் மறுக்கவேண்டிய தேவையிருந்த கருத்து, வெறும் பட்டத்தினாற் பெருமை பெற்றதன்று.

“அவர் செய்தது மொழிபெயர்ப்புத்தானே” என்று இகழ்வாரும் உளர். தமிழ் கற்றார் இவ்வாறு கூறுவது நகைப்புக்கிடமானது. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இன்றித் தொல்காப்பியத்தை எவர் விளங்கிக்கொண்டார்? பிறர் நூலுக்கு உரையெழுதும் வாயிலாகத் தம் சிந்தனையை நிலைநாட்டுதல் தமிழில் நெடுங்கால மரபு. அடாவை அம்மரபினர் ஓர் உரையாசிரியராகவே முதலிற் கண்டுகொள்ள வேண்டும். மூலம் இருபது பக்கமாயின் உரை அறுபது பக்கமாவது இம்மொழிக்குப் புதிதன்று.

இதற்கு மறுதலையான இன்னொரு சோம்பலும் இக்கரையோர ஊர்களில் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே அல்கோரிதம் என்னும் சொல் பிறந்தது; அவரது நூற்பெயரிலிருந்தே அல்ஜிப்ரா பிறந்தது. இவை உண்மை. ஆனால் மேடைதோறும் இவ்விரு சொற்களைக் கூறிக் கைதட்டல் பெறுவோர், அந்நூலின் ஒரு சமன்பாட்டையேனும் எடுத்து விளக்குவதில்லை. பக்தாதின் அறிஞர் கிரேக்கத்தையும் இந்தியக் கணிதத்தையும் மொழிபெயர்த்துப் படித்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியர் அரபை இலத்தீனிற் பெயர்த்துப் படித்தனர். பெருமை உழைப்பின் வழி வந்தது. உழைப்பை விடுத்துப் பெருமையை மாத்திரம் முதுசமாகக் கோருவது நியாயமாகாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. தமிழால் இயலாது என்பார்க்கு அந்நூல்களே மறுமொழி.

அடாவின் குறிப்புகளை விளங்கிக்கொள்ள இப்பிரதேசத்தில் வசதியொன்றும் உண்டு. பபேஜ் தமது இயந்திரத்தை இயக்குவதற்குத் துளையிட்ட அட்டைகளை ஜக்கார்ட் என்னும் பிரெஞ்சு நெசவாளரின் தறியிலிருந்தே பெற்றார். எந்தப் பாவு நூல் எழவேண்டும், எது தாழவேண்டும் என்பதை அட்டையின் துளை தீர்மானிக்கும். ஊடை நூல் அதன்வழியே செல்லும். பூவும் இலையும் துணியில் விளைவதுபோல இயந்திரத்தில் இயற்கணிதம் விளையும் என அடா விளக்கினார். கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையில், சாரமும் சேலையும் நெய்வோர் கோலத்தை முன்கூட்டியே எண்ணிக்கையாகக் கணக்கிட்டே தறியிலமர்கின்றனர். செய்நிரல் என்றால் என்னவென்று அங்குள்ள ஒரு பிள்ளைக்கு விளக்க விரும்பும் ஆசிரியர் தறியின் முன் நிறுத்தினாற் போதுமானது. அவ்வாறு செய்யாது அந்நியமான பெயரொன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்வது கல்வியாகாது.

இறுதியாக, யாவரும் புகழும் இப்பெண்ணின் வாழ்விலிருந்து யாவரும் மறைக்கும் செய்தியொன்று உண்டு. அடா 1835இல் மணம்புரிந்தவர். 1839க்குள் மூன்று பிள்ளைகளின் தாய். அதன் பின்னரே, 1840இல், மதுரையிற் பிறந்தவரான கணித அறிஞர் அகஸ்டஸ் டி மோர்கனிடம் உயர்கணிதம் பயிலத் தொடங்கினார். இருபத்தேழாவது வயதில் ஏழு குறிப்புகளையும் எழுதினார். அந்த டி மோர்கனே 1844இல் அடாவின் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், மாணவியின் அறிவாற்றலை வியந்துகொண்டே, கணிதத்தின் பாரத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று அஞ்சினார். அறிஞரும் தம் காலத்தின் மடமைக்கு விலக்கானவரல்லர்.

அம்மடமை இலண்டனோடு முடிந்துவிட்டதா? கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் சீதனமாக வீடு மகளுக்கே எழுதப்படுகின்றது. தாய்வழிக் குடிமரபு இன்னும் பேசப்படுகின்றது. நிலத்திலும் சுவரிலும் பெண்ணுக்கு இத்தகைய உரித்தை வழங்கிய சமூகங்கள் உலகிற் பலவல்ல. ஆயின் அவ்வீட்டின் உரிமைக்காரிக்கு, மணமான பின்னர், அங்கே வாசிப்பதற்கென ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் உண்டா? உயர்தரத்திற் கணிதம் கற்றுத் தேறியவளின் நூல்கள் திருமணத்தோடு அலுமாரிக்குட் போவதைக் குடும்பப் பண்பென மெச்சுவோர், அடாவின் பெயரைப் பரிசளிப்பு விழாவிற் கூறத் தகுதியற்றோர். அவரை ஏற்பதாயின் மூன்று பிள்ளைகளின் தாய் மீண்டும் மாணவியாவதை ஏற்கவேண்டும்.

செய்யவேண்டிய பணி தெளிவானது. ஏழு குறிப்புகளையும் தமிழாக்கி, அவற்றுக்கு உரையெழுதி, கலைச்சொற்களை வரையறுத்து வெளியிடுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்குத் தகுந்த பணியாகும். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தமிழும் அரபும் கணிதமும் ஒரே பல்கலைக்கழகத்திற் பயிலப்படுகின்றன. இம்மூன்று துறை மாணவரும் ஓராண்டு கூடியிருந்தால் அது நிறைவேறும். அடாவின் பெயரைக் கூறி மகிழ்வதை அவ்வோராண்டுக்கேனும் நிறுத்திவைத்து, முதற் குறிப்பின் முதற் பக்கத்தைத் திறந்தமர்வதே அவருக்குச் செய்யத்தக்க மரியாதை.