அது கழுகு இல்லம்மா

போன வருஷம் நியூ ஜெர்ஸி டர்ன்பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது, விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த பெரிய பறவையைக் காட்டி, "அது என்னம்மா?" என்று கேட்டாள் மகள். வண்டி ஓட்டும் அவசரத்தில் "கழுகு" என்றேன். அவள் வகுப்பில் போய் 'ஈகிள் பார்த்தேன்' என்று சொல்ல, பறவைகள் தெரிந்த ஒரு பையன் எல்லார் முன்னாலும் திருத்திவிட்டான். சாயங்காலம் வந்து ஒரே வரிதான் சொன்னாள்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா."

அதனால் இந்த ஜூனில், தமிழ் வகுப்பு முடிந்து ஓக் மரத்தடியில் அவள் ஒரு இறகை எடுத்து நீட்டியபோது, "தெரியலை. வா, கண்டுபிடிக்கலாம்" என்றேன்.

உங்கள் பிள்ளையும் ஒருநாள் இப்படி நீட்டலாம். நாங்கள் பார்த்த வரிசை இது.

முதலில், எந்த இடத்து இறகு? சிறகின் ஓரத்து இறகு என்றால் தண்டின் ஒரு பக்கம் ஒல்லியாக, மறுபக்கம் அகலமாக இருக்கும். இதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், தண்டும் நேராக இருந்தது. அப்போ வாலின் நடுப்பகுதி.

அடுத்தது நீளம். அவளுடைய ஸ்கேலை வைத்து அளந்தோம். எட்டரை அங்குலம். வெண்தலைக் கழுகின் வால் இறகு ஒரு அடியை ஒட்டி வரும். "அது கழுகு இல்லம்மா" என்றாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

மூன்றாவது, தொட்டுப் பார்ப்பது. ஆந்தை சத்தமில்லாமல் பறக்க வேண்டும், அதனால் அதன் இறகு வெல்வெட் மாதிரி இருக்கும். இது விறைப்பாக இருந்தது.

கடைசியில்தான் கோடுகள். பழுப்பு நிறத்தில் குறுக்கே ஒன்பது மெல்லிய கருங்கோடுகள். கூப்பர்ஸ் ஹாக் என்றால் பட்டையான கோடுகள் சிலதான் இருக்கும், நுனியில் வெள்ளையும் தெரியும். இப்படி நெருக்கமான மெல்லிய கோடுகள் இளம் ரெட்-டெய்ல்ட் ஹாக்குக்கு உண்டு. "சிவப்பே இல்லையே?" என்றாள். முதல் வருஷம் அதன் வால் பழுப்புதான். அடுத்த கோடையில் பழைய இறகுகள் ஒவ்வொன்றாக விழுந்து, சிவப்பு முளைக்கும்.

அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் 'ஃபெதர் அட்லஸ்' தளத்தில் இறகுப் படங்கள் அளவோடு இருக்கின்றன. ஒப்பிட்டோம், பொருந்தியது. ஆனாலும் நோட்டில் 'பெரும்பாலும் ரெட்-டெய்ல்ட் ஹாக்' என்றுதான் எழுதச் சொன்னேன். ஒரே இறகை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது.

அதற்கு முன்னால், மரத்தடியிலேயே ஒரு கஷ்டம் வந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

இங்கே அது கூடாது. தொப்பியில் செருகும் இறகுக்காகப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலத்துக்குப் பிறகு, 1918-ல் வலசைப் பறவைகள் சட்டம் வந்தது. 1972-ல் பருந்துகளும் ஆந்தைகளும் அதில் சேர்ந்தன. அனுமதி இல்லாமல் இறகை வைத்திருக்கக் கூடாது, தானாக விழுந்ததாக இருந்தாலும். விழுந்ததா, கொன்று பிடுங்கியதா என்று இறகைப் பார்த்துச் சொல்ல முடியாதே. வேறு நாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

அவள் கண் கலங்கியது. 'ஒரு இறகுதானே, யார் பார்க்கப் போறாங்க' என்று எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால், கழுகைவிடப் பெரிய பொய்யாகியிருக்கும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்தோம். இறகை அவளே மரத்தடியில் திரும்ப வைத்தாள். கை கழுவிவிட்டுக் கிளம்பினோம்.

ராத்திரி என் அம்மாவிடம் படத்தைக் காட்டினாள். திருநெல்வேலிப் பக்கம் கோழி வளர்த்த கை அது. "வானத்துல வட்டம் போட்டா பருந்து. மரத்துக்குள்ள விருட்டுன்னு பாய்ஞ்சா வல்லூறு. எல்லாத்தையும் கழுகுன்னா எப்படி?" என்று எனக்கும் சேர்த்துக் கொடுத்தார். தேடிப் பார்த்தேன், மரங்களுக்குள் பாயும் கூப்பர்ஸ் ஹாக் நம் வல்லூறுக்குச் சொந்தம்தான். வட்டம் போடுவது ரெட்-டெய்ல்ட்.

அடுத்த சனிக்கிழமை அதே ஓக் மரத்துக்கு மேலே ஒன்று வட்டம் போட்டது. "அந்த இறகு இதோடதாம்மா?"

"தெரியலை" என்றேன். இந்த முறை சிரித்தாள்.