திறந்து வைத்த சலைன் பாட்டில்

திருவாரூர் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு மன்னார்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்



மெலியாய்டோசிஸ், ஈர மண்ணில் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமேலி என்ற பாக்டீரியாவால் வரும் நோய். 1911-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் இதை முதலில் கண்டறிந்தனர். நெல் வயலும் மழைநீர் தேங்கும் தாழ்நிலமும் கிருமியின் இருப்பிடம். காயத்தின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் இது உடலுக்குள் புகும். சர்க்கரை நோயாளிகளையே அதிகம் தாக்கும். சேற்றில் இறங்குபவர்களின் நோயாகவே பெரும்பாலும் அறியப்பட்ட இது, சிகிச்சைக்குப் போன இடத்திலும் தொற்றும் என்பதை வாணியம்பாடியில் நடந்தது காட்டியது.

2022-23இல் வட தமிழகத்தில் 21 பேருக்கு இந்தக் கிருமி மூளையைத் தாக்கியது தெரியவந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். வேலூர் சி.எம்.சி., சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆய்வு, பல் சிகிச்சைக்குப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வரை போய் நின்றது. வாய்க்குள் பயன்படுத்தும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். தளர மூடி வைத்து, அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலில் கிருமி இருந்தது. திறக்காத பாட்டில்களில் இல்லை.

சலைன் வெறும் உப்புநீர். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் அதில் சேர்ப்பதில்லை. தாய்லாந்து ஆய்வகம் ஒன்றில் இதே கிருமி, உணவே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அப்படிப்பட்டதற்குப் பாதி தீர்ந்த சலைன் பாட்டில் வசதியான வீடு. பல் பிடுங்கிய புண்ணை அந்த நீரால் கழுவினால், தாடை நரம்புகளின் வழியே மூளைக்குப் போகவும் அதற்குப் பாதை கிடைத்துவிடக்கூடும். மீதியைக் கொட்ட மனமில்லாத சிக்கனத்துக்கு எட்டு உயிர் விலை என்பது பொறுக்கக்கூடியதல்ல.

இந்தக் கிருமிக்கு ஏற்ற நிலத்தின் அடையாளங்களைச் சொன்னால், அது மன்னார்குடியைச் சொன்னதாகவே இருக்கும். பாமணியாற்றுப் பாசனம், குறுவை, சம்பா, தாளடி என ஆண்டில் பல மாதம் தண்ணீர் நிற்கும் வயல், ஐப்பசி கார்த்திகை அடைமழை, சேற்றுப்புண்ணோடு நடவுக்கு இறங்கும் கால்கள். வயலின் சேறு மருத்துவமனை வாசல்படி வரை வரத்தான் செய்யும். அது கைகளிலும் கருவிகளிலும் ஏறாமல் பார்ப்பதே தொற்றுத் தடுப்பு.

அதற்கான முறைகள் புதியவை அல்ல. திறந்த சலைன் அந்த ஒரு நோயாளிக்கே. மிச்சம் கொட்டப்பட வேண்டும். ஊசியும் சிரிஞ்சும் ஒருவருக்கு ஒன்று. கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது போதாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் குறைந்தது 15 நிமிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். ஒரு கிளினிக்கில் இவை நடக்கின்றனவா என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

நோய் வந்தபின் அதை அடையாளம் காண்பதுதான் கடினம். நுரையீரலைத் தாக்கினால் காசநோய் போலத் தோன்றும். இரத்தக் கல்ச்சரில் வளர்ந்தாலும், பழக்கமில்லாத ஆய்வகம் அதை வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று ஒதுக்கிவிடும். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இது அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்து நாள், அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் என்பதே சிகிச்சை. பெயர் தெரியாமல் போகும் ஒவ்வொரு நாளும் நோயாளிக்கு இழப்பு.

தனியார் மருத்துவமனைகளும் பல் கிளினிக்குகளும் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டியவை. அடுத்த ஆய்வில், பதிவுச் சான்றிதழோடு சிகிச்சை நாற்காலிக்கு அருகில் இருக்கும் சலைன் பாட்டிலையும் பார்க்கச் சொல்லுங்கள். மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கும் இந்தக் கிருமியை இனம் காணும் பயிற்சி கொடுங்கள். இரண்டையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்ய வேண்டுகிறோம்.