பூஞ்சை இல்லாத பூஞ்சை நோய்

2022 மே மாதம் புதுச்சேரியில் ஒரு மொழிப் போராட்டம் நடந்தது. ஜிப்மர் அலுவலகப் பதிவேடுகளில் இந்தி என்ற சுற்றறிக்கையை எதிர்த்துக் கட்சிகள் கொடி பிடித்தன. நியாயமான போராட்டம்தான். ஆனால் பதிவேட்டைப் படிப்பவர் ஆபீஸ் ஊழியர். நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போகும் காகிதம் எந்த மொழியில் இருக்கிறது? அதற்காக ஒரு கொடி ஏறியதாக எனக்கு நினைவில்லை. புதுச்சேரியை மட்டும் சொல்லவில்லை. சென்னை, மதுரை, கோவை எல்லாமே இதே கதைதான்.

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். பாரிஸ் டாக்டர் அலிபெர் 1806ல் இதை முதலில் விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான் மாதிரி இருந்ததால் அப்படிப் பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அதில் காளானும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை, தோலில் தங்கிப் பெருகும் புற்றுநோய் அது. தோலில் வரும் லிம்போமாக்களில் இதுதான் அதிகம். நம் மாதிரி மாநிறத் தோலில் சில சமயம் வெளிறிய திட்டாக வரும். தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று ஊர் முடிவு கட்டும்.

திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் இந்தப் பெயரோடு வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். காலேஜ் படிக்கும் மகன் சீட்டைப் பார்த்து, “ஏதோ ஃபங்கஸ்பா” என்கிறான். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரைக் களிம்பு வாங்குவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் திட்டு கொஞ்சம் மங்கும், நோய் போகாது. 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் அரசு உத்தரவு போட்டது. கடையில் யார் சீட்டு கேட்கிறார்கள்?

இன்னொரு வீட்டில் ‘லிம்போமா’ என்றால் கேன்சர் என்று தெரிந்துவிடும். உடனே நிலத்தை விற்க ஆள் தேடுவார்கள். ஆரம்பக் கட்டத்தில் தெரிந்தால் பெரும்பாலானவர்கள் சிகிச்சையோடு பல வருஷம் வேலைவெட்டி பார்த்து வாழ்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

“டாக்டர் வாயால் சொன்னால் போதாதா?” போதாது. வாசலில் நூறு பேர் நிற்கும்போது அவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். ‘புற்று’ என்ற சொல்லைக் கேட்ட பிறகு எதிரில் இருப்பவர் காதில் வேறெதுவும் விழாது. இராத்திரி வீட்டில் எடுத்துப் படிக்க ஒரு தாள் வேண்டும். எளிய, புரியும் மொழியில் தகவல் பெறுவது உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018ம் வருஷ நோயாளிகள் உரிமைப் பட்டியலே சொல்கிறது.

“மருத்துவத்தைத் தமிழில் எழுத முடியாது” என்பார்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் 19ம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று பாடப் புத்தகமே போட்டார். நம்மால் ரெண்டு பக்கம் முடியாதா?

இதில் தமிழ்ப் பண்டிதர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தோல்சார் நிணநீர்த்திசுப் புற்று’ என்று தலைப்பு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். அதுவும் நோயாளிக்கு இங்கிலீஷ்தான்.

இப்படி எழுதலாம்: இது பூஞ்சை இல்லை. யாருக்கும் ஒட்டாது, பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். தோலில் துண்டெடுத்து டெஸ்ட் செய்வதை ரெண்டு மூணு தடவை செய்ய வேண்டிவரும். ஆரம்பத்தில் இந்த நோய் எளிதில் பிடிபடாது, டாக்டர் மேல் தப்பில்லை. நீங்களாகப் போட்ட களிம்பை மறைக்காமல் சொல்லுங்கள். லைட் சிகிச்சை மாதக்கணக்கில் நடக்கும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை போட்டு லைட் எடுக்கும் நாளில் வெயிலைத் தவிர்த்து, கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கட்டி, புண், காய்ச்சல் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவுதான். புதுச்சேரியில் தெருப் பெயரைக்கூடத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி வைத்திருக்கிறோம், வந்தவர் வழி தவறக் கூடாது என்று. ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம். தாளை அச்சுக்கு அனுப்பும் முன் வரிசையில் நிற்கும் ஐந்து நோயாளிகளிடம் படிக்கக் கொடுங்கள். “புரியலீங்க” என்று அவர்கள் சொன்னால், திருத்த வேண்டியது தாளை.